குலுக்கலில் மருந்து கிடைக்காத 280 பேர்

புராஸ்டேட் புற்றுநோய்க்கான புதிய கதிர் மருந்தைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் முதலில் இரண்டு படங்களைக் காட்டுவார்கள். இரண்டும் ஒரே மனிதரின் பெட் ஸ்கேன். வெள்ளைப் பின்னணியில் சாம்பல் நிழலாக ஓர் ஆணின் உடல். இடப்பக்கப் படத்தில் முதுகெலும்பு நெடுக, விலாவில், இடுப்பெலும்பில், தொடையெலும்பின் மேல்முனையில் என்று கறுப்புப் புள்ளிகள். சில இடங்களில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய திட்டாகவே ஆகியிருக்கும். ஒவ்வொரு புள்ளியும் புராஸ்டேட்டிலிருந்து கிளம்பிப் போய் எலும்பில் குடியேறிய புற்றுநோய். வலப்பக்கப் படம் சில மாதங்கள் கழித்து எடுத்தது. புள்ளிகளைக் காணோம். காதோரத்திலும் தாடைக்கு அடியிலும் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள், சிறுநீரகங்கள், சிறுகுடலின் ஒரு பகுதி, சிறுநீர்ப்பை ஆகியவை மட்டும் கறுத்துத் தெரிகின்றன. அவை நோயில்லாதவருக்கும் இந்த ஸ்கேனில் கறுத்துத்தான் தெரியும்.

இதைப் பார்த்தபின் கேள்வி கேட்கத் தோன்றாது. அவ்வளவு வலுவான படம். பொய்யும் இல்லை, அந்த மனிதரின் உடலில் அந்த மருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் அவர் அதனால் கூடுதலாக எத்தனை நாள் வாழ்ந்தார், மருந்தே எடுக்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எந்தப் படத்தாலும் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வைத்தவர்கள் வேறு சிலர். ஓர் ஆய்வில் சேர்ந்து, குலுக்கலில் இந்த மருந்து தங்களுக்கு விழாமல் போன 280 ஆண்கள். மருந்தின் கதையில் அவர்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்று எனக்கு நெடுநாளாக ஆதங்கம் உண்டு.

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம். புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் சிறு சுரப்பி. அதில் வரும் புற்றுநோய் சுரப்பிக்குள்ளேயே நிற்கும்வரை அறுவைச் சிகிச்சையும் வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர்வீச்சும் நன்றாகக் கைகொடுக்கும். எலும்புக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் பரவிவிட்டால் வழி வேறு. இந்தப் புற்றுநோய் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனை நம்பி வளர்கிறது, அதை நிறுத்தினால் சுருங்குகிறது என்று 1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். இன்றும் பரவிய நோய்க்கு அதுதான் அடிப்படைச் சிகிச்சை. பெரும்பாலோருக்குப் பலன் தெரியும். ஆனால் காலம் போகப்போக, அந்த ஹார்மோன் அற்பமாக இருக்கும் உடலிலும் புற்றுச் செல்கள் வளரப் பழகிக்கொள்கின்றன. அதன்பின் அபிராட்டிரோன், என்சலுட்டமைட் போன்ற அடுத்தகட்ட ஹார்மோன் மருந்துகள், டோசிடாக்சல் கீமோ என்று ஒவ்வொன்றாகத் தருவார்கள். அவையும் ஒருநாள் கைவிடும்.

அந்த நிலையில் எலும்பில் முப்பது, நாற்பது இடங்களில் நோய் இருக்கும் ஒருவருக்கு வெளியிலிருந்து எல்லா இடத்துக்கும் கதிர் பாய்ச்ச முடியாது. எலும்பு மஜ்ஜை தாங்காது. கதிரியக்கப் பொருளை ரத்தத்தில் செலுத்தி, நோய் இருக்கும் இடத்தில் மட்டும் அதைத் தங்கவைக்க வேண்டும். இந்த எண்ணம் புதியதல்ல. 1941 மார்ச் 31 அன்று பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர், அளவுமீறி வேலை செய்த தைராய்டுக்குக் கதிரியக்க அயோடினைக் குடிக்கக் கொடுத்தார். தைராய்டு இயல்பாகவே அயோடினை இழுத்துக்கொள்ளும் உறுப்பு என்பதால் வேலை எளிதாக முடிந்தது. புராஸ்டேட்டுக்கு அப்படி இயல்பான ஈர்ப்பு எதுவும் தெரிந்திருக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. கண்டுபிடித்த வழியும் நேர்வழியல்ல.

1977இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில், ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்தில், 50 வயது நோயாளி ஒருவரின் நிணநீர்க் கணுவிலிருந்து ஊசியால் எடுத்த செல்களை ஆய்வகத்தில் வளர்த்தார்கள். எல்.என்.கேப் என்று பெயரிட்டார்கள். இன்றும் உலகெங்கும் புராஸ்டேட் ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டிருப்பவை அந்த மனிதரின் செல்களின் வழிவந்தவை. அங்கிருந்த ஹொரோஷெவிச் குழுவினர் இந்தச் செல்களின் சவ்வை எலிக்குச் செலுத்தி, எலி உண்டாக்கிய எதிரணுக்களைச் சல்லடை போட்டார்கள். அவற்றில் ஒன்று, புராஸ்டேட் செல்லின் சவ்வில் இருந்த ஏதோ ஒரு புரதத்தைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டது. 1987இல் அதை வெளியிட்டார்கள். அந்தப் புரதத்துக்குத்தான் பின்னால் பிஎஸ்எம்ஏ என்று பெயர் வந்தது. ரத்தப் பரிசோதனையில் பார்க்கிற பிஎஸ்ஏ வேறு, இது வேறு. பிஎஸ்ஏ செல்லிலிருந்து கசிந்து ரத்தத்தில் கலப்பது. பிஎஸ்எம்ஏ செல்லின் மேலேயே நிற்பது. புராஸ்டேட் புற்றுச் செல்களில் இது மிகுதியாக இருக்கிறது. ஹார்மோன் சிகிச்சையை மீறி நோய் வளரும் கட்டத்திலும் பெரும்பாலோரிடம் அது குறைவதில்லை. மருந்துகளுக்கு அடங்காத செல்லே தன்னைக் கூடுதலாகக் காட்டிக்கொடுக்கிறது.

அந்த எதிரணுவில் கதிரியக்கத்தைக் கட்டி 1996இல் ஒரு ஸ்கேன் மருந்தும் வந்தது. அது எதிர்பார்த்த அளவு பயன்படவில்லை. காரணம் பிறகு தெரிந்தது. எலியின் எதிரணு பிடித்துக்கொண்டது, அந்தப் புரதம் செல்லுக்குள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை. உயிரோடிருக்கும் செல்லின் உட்புறத்துக்கு எதிரணுவால் போக முடியாது. செத்துச் சவ்வு கிழிந்த செல்கள்தாம் ஸ்கேனில் தெரிந்தன. கொல்ல வேண்டிய செல்லை விட்டுவிட்டுச் செத்ததைக் காட்டும் மருந்தால் யாருக்கு என்ன பயன்?

தீர்வு மூளை ஆய்விலிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். நரம்பியல் ஆய்வாளர்கள் மூளையில் ஒரு நொதியை நெடுங்காலமாக ஆராய்ந்துவந்தார்கள். நரம்பு செல்கள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் ஒரு சிறு மூலக்கூறை வெட்டி, குளூட்டமேட்டை விடுவிப்பது அதன் வேலை. அதைத் தடுத்தால் பக்கவாதத்திலும் நரம்பு வலியிலும் பயன் கிடைக்கலாம் என்று தடுப்பு மூலக்கூறுகளைச் செய்துகொண்டிருந்தார்கள். 1996இல் கார்ட்டர், ஃபெல்ட்மன், கோய்ல் மூவரும் அந்த நொதியும் பிஎஸ்எம்ஏவும் ஒரே பொருள் என்று காட்டினார்கள். மூளைக்காரர்கள் செய்துவைத்திருந்த தடுப்பு மூலக்கூறுகள் அனைத்தும் ஒரே நாளில் புராஸ்டேட் புற்றுநோய்க்காரர்களுக்கும் உரியவையாகிவிட்டன. எதிரணுவைப்போலப் பருத்தவை அல்ல இவை. அதன் எடையில் நூறில் ஒரு பங்கு தேறினால் அதிகம். புரதத்தின் வெளிப்புறத்தில் ஒரு குறுகிய பள்ளம் உண்டு. அதன் அடியில் இரண்டு துத்தநாக அணுக்கள் உட்கார்ந்திருக்கும். இந்த மூலக்கூறு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிப் பொருந்திக்கொள்ளும். பிடித்துக்கொள்ளாமல் மிஞ்சியது சில மணி நேரத்தில் சிறுநீரோடு போய்விடும்.

பால்டிமோரில் மார்ட்டின் பாம்பர் போன்றவர்கள் இந்த வழியில் முன்னால் நடந்தார்கள். ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் ஆய்வாளர்கள் முதலில் ஸ்கேனுக்கான பிஎஸ்எம்ஏ-11 என்ற மூலக்கூறையும், பிறகு சிகிச்சைக்கான பிஎஸ்எம்ஏ-617 என்பதையும் உருவாக்கினார்கள். இரண்டாவதை வடிவமைத்த மார்ட்டினா பெனெஷோவா அப்போது இளம் ஆய்வாளர். 617இன் ஒரு முனையில் பிஎஸ்எம்ஏவைப் பிடிக்கும் பகுதி. மறுமுனையில் உலோக அணு ஒன்றைப் பொதிந்துகொள்ளும் வளையம். நடுவில் இரண்டையும் இணைக்கும் தண்டு. வயல் வரப்பில் நடந்தால் நாயுருவி விதை வேட்டி நுனியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வந்துவிடுமல்லவா, அதுபோல இதைச் செல் தன் மேல் ஒட்டவிட்டு, பிறகு தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த வளையத்துக்குள் இருக்கும் உலோகம்தான் விஷயம்.

லுட்டீசியம்-177. யிட்டர்பியம் என்ற தனிமத்தையோ லுட்டீசியத்தின் இயற்கையான வடிவத்தையோ அணு உலையில் நியூட்ரான்களுக்கு நடுவே வைத்து இதைத் தயாரிக்கிறார்கள். மும்பையின் டிராம்பேயில் உள்ள துருவா உலையிலும் இது தயாராகிறது. இதன் அரை ஆயுள் ஆறரை நாளுக்குச் சற்று மேல். ஆகவே கிடங்கில் சேர்த்துவைக்க முடியாது. ஒரு நோயாளிக்காகத் தயாரான குப்பி, குறித்த நாளில் அவர் நாளத்துக்குள் போயாக வேண்டும்; விமானம் தாமதமானால் மருந்து வழியிலேயே குறைந்துகொண்டிருக்கும்.

ஈயச் சுவர் வைத்த கனமான டப்பாவில் குப்பி வருகிறது. உள்ளே நிறமற்ற தெளிந்த திரவம், சில மில்லிலிட்டர். ஒரு வேளை மருந்தின் அளவு 7.4 கிகா பெக்கரல். நொடிக்கு 740 கோடி லுட்டீசியம் அணுக்கள் சிதைகின்றன என்று அர்த்தம். இவ்வளவு சிதைவுக்கும் காரணமான லுட்டீசியத்தை, வேறெதுவும் கலக்காமல் எடுத்து நிறுத்தினால் இரண்டு மைக்ரோகிராம்கூடத் தேறாது. கையில் ஊசி குத்தி நாளத்தில் மெதுவாக ஏற்றுகிறார்கள். வலியில்லை, சூடில்லை, தெரிவதற்கு எதுவுமில்லை. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள், அடிக்கடி சிறுநீர் கழிக்கச் சொல்வார்கள். முதல் இரண்டு நாள் சிறுநீரில்தான் கதிரியக்கத்தின் பெரும்பகுதி வெளியேறும் என்பதால் கழிப்பறையில் உட்கார்ந்தே போக வேண்டும், நன்றாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வீட்டுக்குப் போனாலும் பேரக்குழந்தைகளை மடியில் வைத்துக்கொள்ளச் சில நாள் தடை.

செல்லுக்குள் போன லுட்டீசியம் சிதையும்போது பீட்டா துகளை வெளியே எறிகிறது. அது திசுவில் அதிகம் போனால் இரண்டு மில்லிமீட்டர் போகும். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். போகிற வழியில் டிஎன்ஏ இழைகளை அறுக்கும். பிஎஸ்எம்ஏ குறைவாக உள்ள பக்கத்துச் செல்லையும் அந்தத் தூரத்துக்குள் இருந்தால் தாக்கும். கூடவே கொஞ்சம் காமா கதிரும் வருகிறது. அது உடலைத் துளைத்து வெளியே வந்துவிடுவதால் மறுநாள் கேமராவின் கீழ் படுக்கவைத்து, மருந்து எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறது என்று படமெடுக்கலாம். தாக்கும் பொருளே தான் இருக்குமிடத்தையும் சொல்லிவிடுகிறது. மருத்துவத்தில் இப்படி அமைவது அபூர்வம்.

இத்தனை அழகாக வேலை செய்யும் ஒன்றைச் சோதிக்கக்கூட வேண்டுமா என்று தோன்றும். பலருக்குத் தோன்றவும் செய்தது. ஜெர்மனியில் முறையான ஆய்வுக்கு வெளியேயும் நோயாளிகளுக்கு இது தரப்பட்டுவந்தது. மெல்போர்னில் மைக்கேல் ஹாஃப்மன் குழு 30 பேரிடம் முறையாகச் செய்து 2018இல் வெளியிட்டது. 17 பேருக்குப் பிஎஸ்ஏ பாதிக்கு மேல் இறங்கியது. எல்லா வழியும் அடைபட்டவர்களிடம் கிடைத்த பலன் என்பதால் அது பெரிய செய்தி.

ஆனால் 30 பேரும் மருந்து பெற்றவர்கள். ஒப்பிட யாரும் இல்லை. ஸ்கேனில் பிஎஸ்எம்ஏ நிறையத் தெரிந்தவர்களையே தேர்ந்தெடுத்தார்கள். வந்துபோகத் தெம்புள்ளவர்கள்தாம் வந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் மருந்தில்லாமலும் மற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்வார்களோ என்னவோ. பிஎஸ்ஏ இறங்குவது, கட்டி சுருங்குவது, படத்தில் புள்ளி மறைவது எல்லாம் நல்ல அறிகுறிகள்தாம். அறிகுறி நன்றாக மாறி, ஆயுள் மாறாமல் போன மருந்துகள் புற்றுநோய் வரலாற்றில் ஏராளம். மருத்துவர் கையால் பிரித்தால், அவர் அறியாமலேயே தேறுவார் என்று தோன்றுபவருக்கு மருந்தைக் கொடுத்துவிடுவார். அதனால்தான் குலுக்கல். யார் எந்தப் பக்கம் என்பதைத் தற்செயல் தீர்மானிக்க வேண்டும்.

இந்த முறை நம் ஊருக்கு அந்நியமானதல்ல. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில், நெரிசலான ஏழை வீடுகளிலிருந்து வந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஓராண்டு சானடோரியத்தில் நல்ல உணவு, ஓய்வு, மருந்து. மறுபகுதியினருக்கு வீட்டிலிருந்தபடியே அதே மருந்து. சானடோரியமே மேல் என்று உலகமே நம்பியிருந்த காலம். 1959இல் வெளியான முடிவு, வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே அளவு பலன் தருகிறது என்றது. உலகம் காசநோய்க்கு மருத்துவம் பார்க்கும் விதமே மாறியது. எல்லோருக்கும் வெளிப்படையாகத் தெரிந்த உண்மையைக் குலுக்கல் போட்டுப் பார்த்ததால்தான் அது உண்மையல்ல என்று தெரிந்தது.

புராஸ்டேட்டுக்கு அந்த வேலையைச் செய்த ஆய்வின் பெயர் விஷன். 2018 ஜூனில் தொடங்கியது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமாக 84 மருத்துவமனைகள். ஹார்மோன் மருந்தும் கீமோவும் பார்த்து முடித்தவர்கள் மட்டும் சேரலாம். 1,003 பேருக்குப் பிஎஸ்எம்ஏ ஸ்கேன் எடுத்தார்கள்; ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு நோய் அந்த ஸ்கேனில் போதிய அளவு தெரியவில்லை, அவர்களைச் சேர்க்கவில்லை. மிஞ்சியவர்களில் 831 பேர் குலுக்கலுக்கு வந்தார்கள். மூவரில் இருவருக்கு லுட்டீசியமும் வழக்கமான சிகிச்சையும். மூன்றாமவருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 551 பேர் ஒரு பக்கம், 280 பேர் மறுபக்கம்.

யாருக்கு என்ன விழுந்தது என்பதை மறைக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ரேடியம்-223 என்ற மருந்தை 921 ஆண்களிடம் சோதித்தபோது ஒரு சாராருக்கு வெறும் உப்புநீர் ஏற்றி, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாமல் நடத்தினார்கள். விஷனில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்தே நடந்தது. தெரிந்ததன் விளைவு சீக்கிரமே வந்தது. மருந்து விழாத பக்கத்தினர் கிளம்பிப் போகத் தொடங்கினார்கள். முதலில் அந்தப் பக்கம் சேர்ந்த 84 பேரில் 47 பேர் சிகிச்சையைத் தொடராமல் பாதியில் விலகிவிட்டார்கள். நூற்றுக்கு 56 பேர்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆயுள் மாதக் கணக்கில் எண்ணப்படும் ஒரு மனிதர். இணையத்தில் அந்த இரண்டு படங்களையும் பார்த்திருக்கிறார். நம்பி வருகிறார். படிவங்களில் கையெழுத்துப் போடுகிறார். ஸ்கேனில் தேறிவிட்டோம் என்று சந்தோஷப்படுகிறார். பிறகு கணினி ஒரு பக்கத்தைச் சொல்கிறது, அது மறுபக்கம். இனி ஏற்கனவே பார்த்ததைப் போன்ற மருந்துகளும், தேதி தவறாமல் வந்து ஸ்கேன் எடுத்துக்கொள்வதும் மட்டுமே. வேறு நாட்டில் காசு கட்டினால் அதே லுட்டீசியம் கிடைக்கும் என்றால் யார்தான் போகமாட்டார்கள்?

ஆனால் அவர்கள் போனது ஆய்வை அடியோடு கெடுத்துவிடக்கூடியது. போனவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். தெம்பும் பணமும் உள்ளவர்கள் போயிருந்தால், மிச்சமிருப்பவர்கள் மெலிந்தவர்கள். அவர்களோடு ஒப்பிட்டால் மருந்து இல்லாத பெருமையைப் பெற்றுவிடும். நோய் முற்றியவர்கள் அவசரத்தில் போயிருந்தால் கணக்கு நேர்மாறாகத் திரும்பும். எந்தப் பக்கம் திரிந்தது என்று பிற்பாடு எந்தப் புள்ளியியலாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மருந்தின் மீதிருந்த நம்பிக்கையே அந்த நம்பிக்கை சரியா என்று தெரிந்துகொள்ளும் வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

2019 மார்ச் 5 முதல் மாற்றம் செய்தார்கள். புதிய கருவியோ புதிய சூத்திரமோ கொண்டுவரவில்லை. ஒவ்வொரு மருத்துவமனையிலும் இருந்த ஆய்வுக் குழுவினருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சேர்வதற்கு முன்பே நோயாளியிடம் உட்கார்ந்து பேச வேண்டும்: உங்களுக்கு மறுபக்கம் விழலாம், விழுந்தால் என்ன தரப்படும், ஏன் உங்கள் இருப்பு தேவை, அப்போது தொடர விருப்பமா. அதன்பின் மறுபக்கம் சேர்ந்த 196 பேரில் 32 பேர்தான் விலகினார்கள். நூற்றுக்கு 56 என்பது 16க்கு இறங்கிவிட்டது. நேரே முகம் பார்த்துச் சொன்ன உண்மைதான் இந்த ஆய்வைக் காப்பாற்றியது என்பேன். நோய் வளரும் வேகத்தைக் கணக்கிட அந்தத் தேதிக்குப் பின் சேர்ந்த 581 பேரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆயுள் கணக்குக்கு 831 பேரையும் குலுக்கலில் விழுந்த பக்கத்திலேயே வைத்து எண்ணினார்கள்.

2021இல் முடிவு வெளியானது. லுட்டீசியம் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 15.3 மாதம், மறுபக்கத்தினருக்கு 11.3 மாதம். ஸ்கேனில் நோய் வளர்வது தெரியும்வரை கழிந்த காலம் 8.7 மாதம், மறுபக்கம் 3.4.

நான்கு மாதம்தானா என்று முகம் சுருங்கலாம். இடைநிலை என்பது வரிசையில் சரியாக நடுவில் நிற்பவரின் கணக்கு. 551 பேரில் பாதிப்பேர் 15.3 மாதத்தைத் தாண்டி வாழ்ந்தார்கள். சிலருக்கு மருந்து கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யவில்லை. சிலருக்கு அந்த இரண்டாவது படம் வாய்த்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், எந்த நேரத்திலும் இறக்கும் அபாயம் 38 சதவீதம் குறைந்திருந்தது. எல்லா மருந்தும் முடிந்தபின் கிடைத்த பலன் இது. 2022 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது.

மருந்துக்கு விலையும் உண்டு. வலப்பக்கப் படத்தில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் கறுத்திருந்தன என்றேனே, மருந்து அங்கும் போகிறது. நூறு பேரில் 39 பேருக்கு வாய் உலர்ந்தது. பெரும்பாலோருக்கு அது கடுமையாக இல்லை. ஆனாலும் ஒரு கவளம் சோற்றை விழுங்க ஒரு மடக்குத் தண்ணீர், ராத்திரி நாக்கு ஒட்டிக்கொண்டு தூக்கம் கலைவது என்று தினமும் கூட இருக்கும் தொல்லை. சோர்வு 43 பேருக்கு. ரத்த அணுக்கள் குறைவதும் உண்டு. மறுபக்கத்தினர் இல்லாவிட்டால் இதுவும் சரியாகத் தெரிந்திருக்காது; நோயினாலேயே சோர்வு வருமே. அவர்களில் வாய் உலர்ந்தவர்கள் இருநூறில் ஒருவர்.

விஷன் மீது நியாயமான ஒரு குறை உண்டு. மறுபக்கத்தினருக்கு மீண்டும் கீமோ தர அனுமதியில்லை. ஒப்பிட எடுத்துக்கொண்ட சிகிச்சையே பலவீனம் என்று சொன்னார்கள். அதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் 11 மையங்களில் நடந்த தெரப் ஆய்வு அந்தக் குறையை நேரடியாக எடுத்துக்கொண்டது. 200 ஆண்கள், ஒரு பாதிக்கு லுட்டீசியம், மறுபாதிக்கு கபாசிடாக்சல் என்ற வலுவான கீமோ. பிஎஸ்ஏ பாதிக்கு மேல் இறங்கியவர்கள் 66 சதவீதம். கீமோ பக்கம் 37. கடுமையான பக்கவிளைவுகளும் லுட்டீசியத்தில் குறைவு. இங்கும் கீமோ விழுந்த 101 பேரில் 85 பேர்தான் அதை எடுத்துக்கொண்டார்கள். லுட்டீசியம் விழுந்த 99 பேரில் 98 பேர் வந்துவிட்டார்கள்.

பிறகு மூன்றாண்டு காத்திருந்து ஆயுளைக் கணக்கிட்டபோது, இரண்டு பக்கமும் சராசரியாக 19 மாதத்தைச் சுற்றியே நின்றது. வித்தியாசமே இல்லை எனலாம். பிற்பாடு இரண்டு பக்கத்திலும் பலர் மற்ற பக்கத்துச் சிகிச்சையையும் பெற்றார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் 66க்கும் 37க்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துவிட்டு, ஆயுளும் அப்படித்தான் நீளும் என்று யாராவது அன்றே சொல்லியிருந்தால் தவறியிருப்பார்கள். தெரப் சொன்னது, லுட்டீசியம் அந்தக் கீமோவுக்கு இணை, உடம்பை அதைவிடக் குறைவாகப் படுத்தும் என்பது. நோயாளிக்கு அதுவே பெரிய லாபம். அந்த லாபத்தை அதன் சரியான அளவில் சொல்ல முடிந்ததும் குலுக்கலால்தான்.

இப்போது லுட்டீசியத்துக்குப் பதிலாக ஆக்டினியம்-225 என்ற வேறோர் உலோகத்தை அதே மூலக்கூறில் ஏற்றித் தருகிறார்கள். அதன் ஆல்பா துகள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தூரம்கூடப் போகாது. அதற்குள் பீட்டாவைவிடப் பலமடங்கு சேதம் செய்யும். 2016இல் ஹைடெல்பெர்க்கிலிருந்து வந்த இரண்டு நோயாளிகளின் படங்கள் லுட்டீசியப் படங்களையும் மிஞ்சின. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் மைக் சத்தேகே தலைமையில், இந்தியா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா மையங்களும் சேர்ந்து 488 ஆண்களின் விவரத்தை 2024இல் வெளியிட்டார்கள். இடைநிலை ஆயுள் 15.5 மாதம். வாய் உலர்வு லுட்டீசியத்தைவிடக் கடுமை. அந்த 488 பேரும் மருந்து பெற்றவர்கள். மறுபக்கம் யாரும் இல்லை. ஆக்டினியத்துக்கான பெரிய குலுக்கல் ஆய்வுகள் இப்போதுதான் தொடங்கியிருக்கின்றன.

லுட்டீசியத்தை முன்னமே, கீமோவுக்கு முன்பே கொடுத்தால் என்ன என்ற கேள்வியை பிஎஸ்எம்ஏஃபோர் என்ற ஆய்வு எடுத்தது. 468 பேர், சரிபாதியாக. இம்முறை மறுபக்கம் விழுந்தவர்களுக்கு ஒரு வாக்கு கொடுத்தார்கள்: ஸ்கேனில் உங்கள் நோய் வளர்ந்தது உறுதியானால் நீங்களும் லுட்டீசியத்துக்கு மாறிக்கொள்ளலாம். யாரும் ஏமாந்ததாக நினைக்கமாட்டார்கள், பாதியில் ஓடமாட்டார்கள். மனிதாபிமானமான ஏற்பாடு. நோய் வளராமல் நின்ற காலம் லுட்டீசியத்தால் ஏறக்குறைய இரட்டிப்பானது. அதை வைத்து 2025 மார்ச்சில் அமெரிக்காவில் கீமோவுக்கு முன்பே தரவும் அனுமதி வந்தது. ஆனால் மறுபக்கத்தில் பத்தில் ஆறு பேர் அளவுக்கு மருந்துக்கு மாறிவிட்டதால், ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. முன்னமே கொடுத்ததால் ஆயுள் கூடியதா, பிறகு கொடுத்தாலும் அதே ஆயுள்தானா என்பதை இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. நோயாளிக்கு நியாயம் செய்தால் விடை மங்குகிறது. விடையைக் கூர்மையாக்கினால் யாரோ ஒருவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றும் வழியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இன்னும் முன்னால், ஹார்மோன் சிகிச்சைக்கு நோய் கட்டுப்படும் கட்டத்திலேயே லுட்டீசியத்தையும் சேர்த்துத் தருவதை பிஎஸ்எம்ஏடிஷன் என்ற ஆய்வு 1,144 ஆண்களிடம் சோதிக்கிறது. 2025 அக்டோபரில் முதல் முடிவு வந்தது. நோய் வளர்வதோ மரணமோ நேரும் அபாயம் 28 சதவீதம் குறைந்திருக்கிறது. இவர்கள் நெடுங்காலம் வாழக்கூடியவர்கள். வாய் உலர்வும் சிறுநீரகத்தின் நிலையும் ஆண்டுக்கணக்கில் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும். ஆயுள் கணக்கு முடிய ஆண்டுகள் ஆகும். அதுவரை இரு பக்கத்தினரும் குறித்த தேதியில் வந்து ரத்தம் கொடுத்து, ஸ்கேன் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.